வெளிர் நிறத் திட்டில் என்ன இருக்கிறது? எண்ணூரை முன்வைத்து, ஓர் ஊரின் வரைபடத்தையும் செய்தியையும் சரிபார்க்கும் முறை

கைப்பேசியில் ஏதாவது ஒரு வரைபடச் செயலியைத் திறந்து எண்ணூருக்குப் போங்கள். கிழக்கே நீலமாகக் கடல். தெற்கே கத்திவாக்கம், திருவொற்றியூர்த் தெருக்கள் நெருக்கமாக இருக்கும். வடக்கே துறைமுகம். இவற்றுக்கு நடுவில், ஆற்றின் நீலக் கோட்டுக்கு இருபுறமும், பெயர் எதுவும் இல்லாத வெளிர் நிறத் திட்டு ஒன்று பரந்து கிடக்கும். எவ்வளவு பெரிதாக்கினாலும் அங்கே அதிகம் எதுவும் முளைக்காது. கொசஸ்தலையாறு கடலைச் சேருமுன் விரிந்து பரவும் இடம் அது. ஓதம் (கடல் நீரின் அன்றாட ஏற்றமும் வற்றமும்) ஏறி இறங்கும் சேறு, அலையாத்திப் புதர்கள், உப்பளங்கள், இறாலும் நண்டும் வளரும் கழி, அனல்மின் நிலையத்தின் சாம்பல் குளம் எல்லாம் அந்தத் திட்டுக்குள்தான் இருக்கின்றன.

அடுத்து, செய்தித் தளம் ஒன்றில் "எண்ணூர்" என்று தேடுங்கள். எண்ணெய்க் கசிவு, வாயுக் கசிவு, மின்னுற்பத்தி அலகு, துறைமுக விரிவாக்கம் என்று வரிசையாக வரும். செயலியில் அந்த ஊர் காலி இடம், செய்தியில் அது விபத்து நடக்கும் இடம். இரண்டையும் பார்த்தவர் மனத்தில் "அங்கே ஏற்கெனவே ஒன்றுமில்லை, இருப்பதும் கெட்டுப்போனதுதான்" என்ற படம் பதிந்துவிடுகிறது. அடுத்த ஆலையை எங்கே வைப்பது என்று பேச்சு வரும்போது அந்தப் படம் தன் வேலையைச் செய்யும்.

அந்தப் படத்தை எப்படிச் சோதிப்பது என்பதற்கான வழிகாட்டி இது. எண்ணூரை எடுத்துக்காட்டாக வைத்திருக்கிறோம். உங்கள் ஊர் ஏரிக்கோ, மனை வாங்கப் போகும் இடத்துக்கோ, செய்தி எழுதப் போகும் கிராமத்துக்கோ இதே முறை பொருந்தும். ஒரு கணினி, இணையம், ஏ3 தாளில் நாலைந்து அச்சுப்பிரதி, இரண்டு வார இறுதிகள் இருந்தால் போதும். மென்பொருள்களுக்குச் செலவில்லை.

மனத்தில் இருப்பதை முதலில் தாளில் இறக்குங்கள்

எதையும் தேடுவதற்கு முன் வெள்ளைத் தாளை எடுத்து, அந்த ஊரை நினைவிலிருந்தே வரையுங்கள். பத்து நிமிடம் போதும். சாலை, ஆறு, கோயில், தொழிற்சாலை, மக்கள் வாழும் இடம் என எது தோன்றுகிறதோ அதைப் போடுங்கள். தாளின் பின்பக்கத்தில், அந்த ஊரின் பெயரைக் கேட்டதும் வரும் ஐந்து சொற்களை எழுதுங்கள். ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது எங்கிருந்து வந்தது என்று குறியுங்கள்: நேரில் பார்த்தது, யாரோ சொன்னது, செய்தி, சினிமா.

இதைத் தவிர்க்க வேண்டாம். வரைபடங்களைப் பார்த்த பிறகு பழைய மனப்படம் அழிந்துவிடும். எதை எங்கிருந்து கற்றோம் என்பதை அப்புறம் பிரித்தறிய முடியாது. எண்ணூருக்குப் போயிராதவர்கள் வரைந்தால் பெரும்பாலும் ஆறே இருக்காது, புகைபோக்கி கட்டாயம் இருக்கும்.

குறைந்தது நான்கு வரைபடங்கள்

ஒரே வரைபடத்தை வைத்துக்கொண்டு அதன் பிழையைக் கண்டுபிடிக்க முடியாது. வெவ்வேறு காரணத்துக்காக வெவ்வேறு துறைகள் வரைந்தவற்றை ஒன்றோடொன்று மோதவிட வேண்டும்.

முதலாவது, இந்திய நில அளவைத் துறையின் இடவிளக்கப்படம். 1:50,000 அளவுத்திட்டத்தில் வரும் திறந்த தொடர் வரைபடங்களைத் துறையின் இணையதளத்தில் பதிவுசெய்து இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். பழைய அச்சுப் படிகளைப் பல்கலைக்கழகப் புவியியல் துறைகளில் கேட்டுப் பாருங்கள். பழைய தாள் எண்ணை நீங்களே கணக்கிடலாம். கிழக்கு 80 முதல் 84 பாகை, வடக்கு 12 முதல் 16 பாகை வரையுள்ள சதுரத்துக்கு எண் 66. அதை ஒவ்வொரு பாகையாக 16 சதுரமாக வெட்டி, இடப்பக்க நெடுவரிசையிலிருந்து மேலிருந்து கீழாக ஏ, பி, சி, டி என்று ஆங்கில எழுத்து வரிசையில் பெயரிடுவார்கள். சென்னையின் வடக்கு 13 பாகை, சி சதுரத்தில் விழும். அதையும் 15 கலை (கால் பாகை) அளவில் 16 ஆக வெட்டி, அதே போல் மேலிருந்து கீழாக 1 முதல் 16 வரை எண்ணினால் எண்ணூர் 66 சி/8 தாளில் வரும். அதற்கு நேர் வடக்கே பழவேற்காட்டுப் பக்கம் 66 சி/7. பள்ளிக்கரணை 66 டி/1. புதிய தொடரில் இந்தப் பகுதி டி44 தொகுதியில் இருக்கிறது.

தாள் கைக்கு வந்ததும் ஊரைப் பார்க்காதீர்கள், ஓரத்தைப் பாருங்கள். எந்த ஆண்டு அளந்தது, எந்த ஆண்டு திருத்தியது, எந்த ஆண்டு அச்சிட்டது என்று தனித்தனியாக இருக்கும். அச்சு ஆண்டுக்கும் அளந்த ஆண்டுக்கும் இடையே பல ஆண்டுகள் ஓடியிருக்கலாம். இந்த அளவுத்திட்டத்தில் 2 செ.மீ. என்பது 1 கி.மீ. அரை மில்லிமீட்டர் தடிமனுள்ள கோடு தரையில் 25 மீட்டரை மூடிவிடும். ஐம்பது மீட்டர் நீளமுள்ள குப்பம் ஒரு மில்லிமீட்டர் புள்ளி. வரைபவர் அதை விட்டுவிட்டால் அவரைக் குறை சொல்லவும் முடியாது. ஒரே உயரமுள்ள இடங்களை இணைக்கும் சமவுயரக் கோடுகளோ 10 அல்லது 20 மீட்டர் உயர இடைவெளியில் ஓடுபவை. எண்ணூரின் கழிப்பகுதி கடல் மட்டத்துக்கு ஓரிரு மீட்டர் மேலே இருக்கும் நிலம், அங்கே ஒரு கோடுகூட ஓடாது. வெள்ளம் எந்தத் தெருவில் நிற்கும் என்பதைத் தீர்மானிக்கும் அரை மீட்டர் ஏற்ற இறக்கத்தை இந்த வரைபடம் காட்டவே காட்டாது. காட்டவில்லை என்பதால் தரை சமமாக இருக்கிறது என்று முடிவுகட்டிவிடுவதுதான் அடிக்கடி நடக்கும் தவறு.

இரண்டாவது, வருவாய்த் துறை ஆவணம். தமிழக அரசின் நில ஆவணத் தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் கொடுத்தால் அ-பதிவேட்டு விவரமும் (நிலத்தின் வகை, பரப்பு, உரிமையாளர் பட்டியல்) புலப்படமும் (அந்த நிலத்தின் எல்லை அளவுப் படம்) கிடைக்கும். எண்ணூர்க் கழியின் தென்பகுதி சென்னை மாவட்டத்திலும், வடபகுதி திருவள்ளூர் மாவட்டம் பொன்னேரி வட்டத்திலும் வருவதால் இரண்டிலும் தேட வேண்டும். அ-பதிவேட்டில் பரப்பையும் பட்டாதாரர் பெயரையும் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். வகைப்பாட்டையும் குறிப்புக் கட்டத்தையும் எழுத்து விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். நன்செய், புன்செய் போக மீதியெல்லாம் புறம்போக்கு, "தீர்வை ஏற்பட்ட தரிசு", "தீர்வை ஏற்படாத தரிசு" என்ற சொற்களுக்குள் அடைக்கப்பட்டிருக்கும்.

இந்தச் சொற்களிடம் கொஞ்சம் நிற்க வேண்டும். புறம்போக்கு என்றால் வரிக் கணக்குக்குப் புறத்தே வைக்கப்பட்ட நிலம்; ஏரி, வாய்க்கால், மேய்க்கால், களம், சுடுகாடு, கழி என்று ஊருக்கே பொதுவானவை அதில்தான் அடக்கம். தரிசு என்றால் உழவு நடக்காத நிலம், உழவிலிருந்து வரி வராத நிலம். அலையாத்தி நிற்கும் சேற்றில் யார் ஏர் ஓட்டுவார்? ஆண்டு முழுவதும் மீன் கொடுக்கும் நிலம், உழவர் கணக்கில் தரிசு. அந்தச் சொல் அப்படியே திட்ட அறிக்கைக்கும் அங்கிருந்து செய்திக்கும் போகும்போது "பயன்படாத நிலம்" ஆகிவிடுகிறது. பள்ளிக்கரணைக் கழுவெளிக்கும் இதுதான் நேர்ந்தது. அதன் மேல் குப்பைக் கிடங்கும் கட்டடங்களும் ஏறிய பிறகு, 2022இல்தான் மிஞ்சியதில் சுமார் 1,248 ஹெக்டேர் ராம்சார் ஈரநிலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது.

அலகு மாற்றும்போது கவனம் தேவை: 1 ஹெக்டேர் 2.47 ஏக்கர், 1 ஏர்ஸ் 2.47 சென்ட், 1 சென்ட் 435.6 சதுர அடி. ஏக்கரையும் ஏர்ஸையும் குழப்பிக்கொண்டால் பரப்பு நாற்பது மடங்கு மாறிப்போகும்.

மூன்றாவது, கடலோரத்தில் எங்கே எதைக் கட்டலாம், எதைக் கட்டக்கூடாது என்று பிரிக்கும் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல வரைபடம். கடலோர ஊர் என்றால் இது கட்டாயம். 1991, 2011, 2019 அறிவிக்கைகள் மூன்றுக்கும் விதிகள் வேறு. உங்கள் கையிலுள்ள வரைபடம் எந்த அறிவிக்கையின்படி வரைந்தது என்று முதலில் பாருங்கள். கடல் பக்கம், ஓதம் மிக உயர ஏறும் இடத்தைக் குறிக்கும் உயர் ஓதக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு. ஓதம் ஏறும் கழிகளின் கரையில் 2011 விதிப்படி 100 மீட்டர் அல்லது கழியின் அகலம், எது குறைவோ அது. 2019இல் அந்த 100, 50 ஆகிவிட்டது. ஓதம் எதுவரை எட்டுகிறது என்பதற்கும் அளவுகோல் இருக்கிறது: ஆண்டின் மிக வறண்ட காலத்தில் நீரின் உப்பு ஆயிரத்துக்கு ஐந்து பங்கு இருக்கும் இடம்வரை. மழைக்காலத்தில் அளந்தால் நன்னீர் உப்பைத் தள்ளிவிடும், எல்லை கடலை நோக்கிச் சுருங்கும். ஆகவே அளந்த மாதம் எது என்பது சின்ன விவரம் அல்ல.

எண்ணூரில் இந்த வரைபடம்தான் பெரிய வழக்காயிற்று. 1996இல் ஒன்றிய அரசு ஒப்புதல் அளித்த படத்தில் எண்ணூர்க் கழி பாதுகாக்கப்பட்ட நீர்ப்பரப்பாக இருந்தது. 2017இல் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் கிடைத்த இன்னொரு படத்தில் அந்தக் கழியைக் காணவில்லை என்று மீனவர்களும் சூழல் செயற்பாட்டாளர்களும் இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டினார்கள். சுமார் 6,500 ஏக்கர் நீர்ப்பரப்பு விடுபட்டிருக்கிறது என்பது அவர்கள் கணக்கு. தண்ணீர் எங்கும் போகவில்லை; தாளில் நிறம் மட்டும் மாறியிருந்தது. ஆனால் அனுமதி கேட்டு வரும் கோப்பு தாளைத்தான் பார்க்கும்.

நான்காவது, நாம் தினமும் பார்க்கும் இணைய வரைபடம். கூகுள் வரைபடத்தில் ஒரு பெயர் தெரிவதும் மறைவதும் நீங்கள் எவ்வளவு பெரிதாக்கினீர்கள், என்ன தேடினீர்கள் என்பதைப் பொறுத்தது. கடைக்கும் பெட்ரோல் பங்குக்கும் கிடைக்கும் இடம் மீன் இறங்குதளத்துக்குக் கிடைக்காது. யாரும் திருத்தக்கூடிய இலவச வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஒரு வசதி இருக்கிறது: எந்தக் கோட்டையும் சொடுக்கினால் யார், எப்போது, எத்தனையாவது முறை திருத்தினார் என்ற வரலாறு தெரியும். சந்தேகப்படும் நீர்நிலைக்கு அந்த வரலாற்றைக் கட்டாயம் பாருங்கள்.

ஒன்றன்மேல் ஒன்றை வைப்பது

கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் இதைச் செய்யலாம். பழைய வரைபடத்தை அங்குலத்துக்கு 300 புள்ளி நுணுக்கத்தில் ஸ்கேன் செய்யுங்கள். கைப்பேசிப் படம் வேண்டாம், ஓரம் வளைந்துவிடும். மென்பொருளின் புவிப்பொருத்தக் கருவியில் அதைத் திறந்து, பழைய படத்திலும் இன்றைய செயற்கைக்கோள் படத்திலும் ஒரே இடம் என்று உறுதியாகத் தெரியும் புள்ளிகளைக் குறியுங்கள். நான்கு என்பது குறைந்தபட்சம், எட்டிலிருந்து பத்து நல்லது. ரயில் பாதையும் சாலையும் வெட்டும் இடம், பழைய பாலத்தின் முனை, கோயில் கோபுரம் எல்லாம் நம்பகமானவை. ஆற்றுவளைவையும் முகத்துவாரத்தையும் தொடவே கூடாது. எண்ணூர் முகத்துவாரம் மணல் அடைத்தும் திறந்தும் இடம் மாறுவது. அதை நிலையாக வைத்துப் பொருத்தினால் நகராத ஊரையெல்லாம் நகர்த்திவிடுவீர்கள். புள்ளிகளை நான்கு மூலைக்கும் பரப்புங்கள். எல்லாம் ஒரே பக்கம் குவிந்தால் மறுபக்கம் முறுக்கிக்கொள்ளும்.

தாளின் ஓரத்தில் அச்சிட்ட அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைக் கொடுத்துப் பொருத்துவது சுலபம்தான், ஆனால் அதில் ஒரு பொறி இருக்கிறது. பூமியின் வடிவத்தைக் கணக்கிட வெவ்வேறு முறைகள் உண்டு: பழைய தாள்கள் எவரெஸ்ட் கோள உருவின்படி வரைந்தவை, இன்றைய ஜிபிஎஸ் டபிள்யூஜிஎஸ் 84 முறை. இரண்டையும் ஒன்றென எடுத்துக்கொண்டால் சென்னைப் பகுதியில் எல்லாம் நூறு மீட்டருக்கு மேலேயே நகர்ந்து உட்காரும். "ஆக்கிரமிப்பு" என்று நீங்கள் கண்டுபிடித்தது வெறும் இந்த நகர்வாக இருக்கக்கூடும். பழைய தாளுக்கு, மென்பொருளில் எவரெஸ்ட் உருவின்படி அமைந்த கல்யாண்பூர் 1975 முறையைத் தேர்ந்தெடுத்துப் பின் மாற்றுங்கள், அல்லது தரைப்புள்ளிகளை மட்டும் வைத்துப் பொருத்துங்கள்.

பரப்பு அளக்கும்போது இன்னொரு தவறு நடக்கும். இணைய வரைபடங்கள் பெரும்பாலும் மெர்கேட்டர் வீழலின் (உருண்டையான பூமியைத் தட்டையாக விரிக்கும் ஒரு முறையின்) ஒரு வடிவத்தில் ஓடுகின்றன. 1569இல் கடலோடிகள் திசை பிடிக்க உருவானது அது. திசையைக் காப்பாற்றும், பரப்பைக் காப்பாற்றாது. ஆப்பிரிக்காவின் பதினான்கில் ஒரு பங்கான கிரீன்லாந்து அதில் ஆப்பிரிக்கா அளவுக்குத் தெரிவது இதனால்தான். எண்ணூரின் அட்சத்தில் நீளம் சுமார் 2.7 விழுக்காடும் பரப்பு சுமார் 5.5 விழுக்காடும் கூடுதலாகக் காட்டும். டெல்லியில் பரப்பு ஏறக்குறைய 30 விழுக்காடு ஊதிவிடும். ஆகவே திரையில் பார்த்துத் தமிழ்நாட்டையும் வடமாநிலங்களையும் ஒப்பிடாதீர்கள். கியூஜிஐஎஸ்ஸில் பரப்பைக் கணக்கிடும் முன், இந்தப் பகுதியை ஏறக்குறைய உண்மை அளவில் காட்டும் யுடிஎம் 44 வடக்கு முறைக்கு மாறுங்கள். அதன் குறியீட்டு எண் 32644. உங்கள் எண் 5.5 விழுக்காடு தவறு என்று எதிர்த்தரப்பு காட்டிவிட்டால், மீதி உண்மையையும் யாரும் கேட்கமாட்டார்கள்.

செயற்கைக்கோள் படமும் கதை சொல்லும், அதுவும் ஒரு தேர்வுதான்

கூகுள் எர்த் ப்ரோவில் மேலே இருக்கும் கடிகாரப் பொத்தானை அழுத்தினால் பழைய படங்கள் வரிசையாக வரும். 2005, 2015, 2024 என மூன்று படம் எடுத்துப் பக்கத்தில் வைப்பது எல்லோரும் செய்வது. ஆண்டை மட்டும் பார்ப்பார்கள், மாதத்தைப் பார்க்கமாட்டார்கள். மே மாதக் கழியும் டிசம்பர்க் கழியும் வேறு வேறு. முதல் படம் டிசம்பர், இரண்டாவது மே என்றால் ஈரநிலம் பாதியாகச் சுருங்கியது போலத் தெரியும், வடகிழக்குப் பருவமழை போனது மட்டும்தான் நடந்திருக்கும். ஒரே மாதப் படங்களை எடுங்கள். முடிந்தால் அன்றைய ஓத அட்டவணையையும் பாருங்கள். சென்னைக் கடலில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஒரு மீட்டர் அளவுதான், ஆனால் தட்டையான சேற்றில் அதுவே பெரும் பரப்பை மூடித் திறக்கும்.

இன்னும் நுணுக்கமாக வேண்டுமானால் ஐரோப்பாவின் சென்டினல்-2 படங்கள் இலவசம். ஒரு படப்புள்ளி 10 மீட்டர், ஐந்து நாளுக்கு ஒரு படம். லாண்ட்சாட் படங்கள் 30 மீட்டர் நுணுக்கத்தில் 1980களிலிருந்து இருக்கின்றன. நீரைப் பிரிக்க எளிய கணக்கு உண்டு: பச்சை அலைவரிசையிலிருந்து அண்மை அகச்சிவப்பைக் கழித்து, இரண்டின் கூட்டுத்தொகையால் வகுக்க வேண்டும். சென்டினலில் அவை மூன்றாம், எட்டாம் பட்டைகள். விடை பூச்சியத்துக்கு மேலே இருந்தால் பெரும்பாலும் நீர்.

அந்தப் "பெரும்பாலும்" எண்ணூரில் வேலை வைக்கும். சாம்பல் குளத்தில் தேங்கிய கலங்கல் நீர் இந்தக் கணக்கில் பளிச்சென்று நீர்நிலையாக வரும். ஓதம் வடிந்த வேளையில், உயிர் ததும்பும் சேற்றுத்திட்டு நிலம் என்று வெளியே போகும். கணக்கை அப்படியே நம்பி வரைபடம் போட்டால், கழிவுக் குளம் ஏரியாகவும் கழி பொட்டலாகவும் மாறிவிடும். எந்திரம் தவறே செய்யவில்லை, கேட்ட கேள்விக்குப் பதில் சொன்னது. இயற்கை நிறப் படத்தை அருகில் வைத்து, நேர்க்கோட்டுக் கரைகள் உள்ள "நீர்நிலை" ஒவ்வொன்றையும் கண்ணால் சரிபாருங்கள். கழியின் கரை நேராக ஓடாது. நேராக ஓடினால் அது உப்பளப் பாத்தி, கால்வாய், அல்லது யாரோ கட்டிய அணை. பக்கிங்காம் கால்வாய் இந்த வழியே போவதையும் நினைவில் வையுங்கள்.

எல்லைக் கோடு நகர்ந்தால் எண்ணும் நகரும்

2011க்கு முன் எண்ணூர் கத்திவாக்கம் நகராட்சியில் இருந்தது. அந்த ஆண்டு சென்னை மாநகராட்சி 174 சதுர கி.மீ.யிலிருந்து 426 சதுர கி.மீ.யாக விரிந்தபோது முதல் மண்டலமான திருவொற்றியூரில் சேர்ந்தது. 2011 கணக்கெடுப்பில் பழைய எல்லைக்குள் மக்கள்தொகை சுமார் 46 லட்சம், விரிந்த எல்லையில் சுமார் 67 லட்சம். "சென்னையில்" என்று தொடங்கும் எந்தப் புள்ளிவிவரத்துக்கும் எந்தச் சென்னை என்று கேட்காமல் ஒப்பீடு செய்யாதீர்கள். மழைச் செய்தியிலும் இதே கதை. "சென்னையில் இத்தனை செ.மீ. மழை" என்றால் வழக்கமாக நுங்கம்பாக்கம், மீனம்பாக்கம் அளவுகள். நுங்கம்பாக்கத்திலிருந்து எண்ணூர் நேர்க்கோட்டில் ஏறத்தாழ 19 கி.மீ. தள்ளி இருக்கிறது. வானிலை மையத்தின் பகுதிவாரிப் பட்டியலில் பக்கத்து மழைமானியைத் தேடி எடுங்கள்.

செய்தியை எண்ணிப் பார்ப்பது

இரண்டு தமிழ் நாளிதழ், ஓர் ஆங்கில நாளிதழ், ஒரு தொலைக்காட்சித் தளம் எடுத்துக்கொள்ளுங்கள். பன்னிரண்டு மாதக் காலவரம்பு வைத்து, ஊர்ப் பெயரின் எல்லா வடிவங்களிலும் அக்கம்பக்கப் பெயர்களிலும் தேடுங்கள். எண்ணூர், கத்திவாக்கம், காட்டுப்பள்ளி, கொசஸ்தலை என்று பிரித்துத் தேடாவிட்டால் பாதி கிடைக்காது. மொத்தம் 100 செய்தி வந்தால் போதும். ஒரு அட்டவணையில் இவற்றைப் பதியுங்கள்: தேதி, செய்திக்குக் காரணமான நிகழ்வு, முதலில் பேசுபவர் யார் (அதிகாரி, நிறுவனம், காவல்துறை, குடியிருப்பவர்), குடியிருப்பவர் பேசினால் பெயரோடு பேசுகிறாரா, "பொதுமக்கள் கூறியதாவது" என்று கும்பலாகவா, இடம் எவ்வளவு துல்லியமாகச் சொல்லப்பட்டது, படத்தில் என்ன இருக்கிறது.

செய்தி நிறுவனங்கள் அனுப்பிய ஒரே செய்தி நான்கு தளத்தில் வந்தால் அதை ஒன்றாக எண்ணுங்கள். நூற்றில் முப்பது ஒரே விபத்தைப் பற்றியவை என்றால் அந்த வாரத்தைத் தனியாக வைத்து மீதியைப் பாருங்கள். எண்ணூருக்கு இது முக்கியம். 2017 ஜனவரி 28இல் இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கொட்டியது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிக்குள் பரவியது. அதே மாதம் 26ஆம் தேதி இரவு அம்மோனியா கசிந்தது. அந்த வாரங்களில் ஊர் முதல் பக்கத்துக்கு வந்தது. விபத்துக்கு ஆறு மாதம் கழித்து எண்ணெய் படிந்த வலைகள் என்ன ஆயின, இறால் திரும்பியதா என்ற செய்திகளை அட்டவணையில் தேடுங்கள். அந்தக் கட்டங்கள் எத்தனை காலியாக இருக்கின்றனவோ, அதுதான் நீங்கள் கண்டுபிடித்தது. இடம் பற்றிய கட்டமும் பேசும். குற்றம் நடந்தால் "வடசென்னை", துறைமுகச் சரக்கு சாதனை என்றால் "சென்னை அருகே" என்று ஒரே ஊர் இடம் மாறுகிறதா என்று பாருங்கள். ராயபுரத்துக்கும் எண்ணூருக்கும் இடையே சுமார் 12 கி.மீ. இருக்கிறது, அத்தனையையும் ஒரே சொல்லில் கட்டினால் ஒரு தெருவின் சண்டை பல லட்சம் பேருக்கு முகவரியாகிவிடும்.

படங்களை எதிர்த்தேடலில் (படத்தையே கொடுத்து அது முன்பு எங்கே வந்தது என்று தேடுவதில்) போட்டால் பழைய விபத்தின் படம் புதிய செய்தியில் வந்திருப்பது பல நேரம் பிடிபடும். எங்கிருந்து எடுத்தார்கள் என்பதையும் குறியுங்கள். தொலைவிலிருந்து நீள்குவியக் கண்ணாடியில் எடுத்தால் புகைபோக்கி குடிசையின் தோளில் ஏறி நிற்பது போலத் தெரியும். டிரோனில் எடுத்தால் மனிதர்களே இருக்கமாட்டார்கள். சினிமாவுக்கும் இதே கேள்விகள்தான்: படத்தில் அந்த ஊராகக் காட்டப்படுவது உண்மையில் எங்கே எடுத்தது, என்ன நிறம் ஏற்றினார்கள், பகல் நேர வேலை எத்தனை காட்சியில் வருகிறது.

தாளோடு நேரில் போவது

பொருத்திய வரைபடத்தை ஏ3 தாளில் அச்சிட்டு, கணினி போட்ட பெயர்களையெல்லாம் நீக்கிவிட்டு எடுத்துப் போங்கள். ஓதம் வடியும் வேளையில் போய்ச் சேர்ந்து, ஏறும்வரை இருங்கள். தனித்தனியாக மூன்று பேரிடமாவது கேளுங்கள்: படகில் வலை வீசுபவர், கழியில் இறங்கிக் கையால் இறால் தடவிப் பிடிக்கும் பெண், உப்பள வேலையில் இருந்தவர். கூட்டமாக உட்கார வைத்தால் ஒருவரே பேசுவார்.

"இது என்ன இடம்" என்று விரலால் காட்டிக் கேட்டால் பலருக்கு மேலிருந்து பார்க்கும் படம் பிடிபடாது. "காலையில் எங்கே இறங்குவீங்க, அங்கேயிருந்து எந்தப் பக்கம் போவீங்க" என்று வழியாகக் கேளுங்கள். தாளை விட்டுவிட்டு மணலில் குச்சியால் வரையச் சொன்னால் இன்னும் நல்லது. ஆழமான தடம், சேறு கால் புதையும் இடம், நண்டு கிடைக்கும் பருவம் எல்லாம் அப்போதுதான் வரும். பழவேற்காட்டில் பாடு முறை இருக்கிறது. எந்த ஊர் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டலாம் என்ற முறைவைப்பு அது. தண்ணீருக்குள் இருக்கும் அந்த எல்லைகள் எந்த அரசு வரைபடத்திலும் கிடையாது. ஆனால் ஊரே அவற்றின்படிதான் நடக்கிறது.

கேட்டதையெல்லாம் வெளியிடுவதும் தவறு. மீன் அதிகம் கிடைக்கும் இடத்தை இணைய வரைபடத்தில் போட்டுவிட்டால் நாளை வேறு யாரோ அங்கே நிற்பார்கள். வரைந்த தாளை முதலில் அவர்களிடமே காட்டி, எது வெளியே போகலாம், எது போகக்கூடாது என்று கேட்டுக் கோடு போடுங்கள். ஒரு படி அவர்கள் கையில் இருக்கட்டும்.

பிழை கண்டால் என்ன செய்வது

ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் கணக்குத் தொடங்கி நீங்களே திருத்தலாம். குப்பத்தின் தமிழ்ப் பெயரைத் தமிழ்ப் பெயருக்கான கட்டத்தில் ஊரார் சொல்லும்படி எழுதுங்கள். சேற்றுத்திட்டு, அலையாத்தி, உப்பளம் மூன்றுக்கும் தனித்தனிக் குறிச்சொற்கள் உண்டு, எல்லாவற்றையும் "ஈரநிலம்" என்று பொதுவாகப் போட்டுவிடாதீர்கள். கூகுளிலிருந்து பெயரையோ கோட்டையோ நகலெடுக்கக் கூடாது; உரிமச் சிக்கலால் நீக்கிவிடுவார்கள். நேரில் கேட்டதும் பார்த்ததும் போதும். மாற்றக் குறிப்பில் நேரில் சரிபார்த்த மாதத்தை எழுதுங்கள்.

அரசு வரைபடத்தில் பிழை என்றால் தகவல் உரிமை மனு. கட்டணம் 10 ரூபாய், நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டலாம். 30 நாளில் பதில் வர வேண்டும். வராவிட்டாலோ திருப்தி இல்லாவிட்டாலோ 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, அதன் பிறகு 90 நாளுக்குள் தகவல் ஆணையத்திடம் இரண்டாம் மேல்முறையீடு. "ஏன் கழியை நீக்கினீர்கள்" என்று எழுதினால், கருத்துக் கேட்கிறீர்கள் என்று மனு திரும்பிவிடும். ஆவணமாகக் கேளுங்கள்: இன்ன கிராமம், இன்ன புல எண்கள் அடங்கிய கடற்கரை மண்டல வரைபடத்தின் சான்றிட்ட நகல், அதற்கு ஒப்புதல் அளித்த கடிதத்தின் நகல், உயர் ஓதக் கோட்டை வரைந்த நிறுவனத்தின் அறிக்கை, உப்பு அளந்த தேதிகளும் இடங்களும். வரைபடத்தை முழு அளவில், நிறத்தோடு, அளவுத்திட்டம் தெரியும்படி தர வேண்டும் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இல்லையென்றால் ஏ4 தாளில் கறுப்பு வெள்ளை நகல் வரும். அதில் நீர் எது, நிலம் எது என்று யாராலும் சொல்ல முடியாது.